சிறிய துளை, பெரிய வெட்டு: மூட்டு அறுவை சிகிச்சையின் கதை

1984-ஆம் ஆண்டு மே 12 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பியா நகரில் ஒரு மாரத்தான் போட்டி நடந்தது. அந்த ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடப்போகும் அமெரிக்கப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. அதில் முதலாவதாக வந்தவர் ஜோன் பெனாய்ட். 42 கிலோமீட்டர் ஓடி வெல்வதே பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குச் சரியாக 17 நாட்களுக்கு முன்பு, ஏப்ரல் 25 அன்று, அவர் தன் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முறையாக நடத்தப்பட்ட பெண்கள் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கமும் வென்றார்.

இதே முழங்கால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு கெட்டுப்போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். மூட்டைக் கத்தியால் திறந்திருப்பார்கள். பல நாட்கள் மருத்துவமனைப் படுக்கை, அதன்பின் பல வாரங்கள் ஊன்றுகோல். பதினேழாவது நாளில் ஓடுவது இருக்கட்டும், ஒழுங்காக நடப்பதே சந்தேகம்தான்.

பெனாய்டுக்குச் செய்யப்பட்டது நுண்துளை அறுவை சிகிச்சை. ஆர்த்ராஸ்கோப்பி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரிதாக வெட்டித் திறப்பதா, சிறிய துளை போட்டு உள்ளே நுழைவதா, இவற்றில் எது மேல் என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சிறிய துளை வென்ற இடங்களும் உண்டு, தோற்ற இடங்களும் உண்டு. இரண்டுமே தேவைப்படாத இடங்களும் உண்டு என்பதுதான் கடைசியாகத் தெரியவந்த உண்மை.

இரண்டு முறைகள்

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

திறந்த அறுவை சிகிச்சையில் மூட்டின் மேலுள்ள தோல், அதன் கீழுள்ள தசை, மூட்டை மூடியிருக்கும் உறை ஆகிய எல்லாம் வெட்டி விலக்கப்படுகின்றன. மருத்துவர் நேரடியாகக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு வேலை செய்வார். முடிந்ததும் ஒவ்வொரு அடுக்காகத் தைத்து மூடுவார். உள்ளே செய்த வேலை சிறியதாக இருந்தாலும், உள்ளே போவதற்காக வெட்டிய வழி ஆறுவதற்குத்தான் அதிக நாட்கள் பிடிக்கும்.

நுண்துளை முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துளைகள் போடப்படும். ஒன்றின் வழியாகப் பென்சிலை விட ஒல்லியான ஒரு குழாய் உள்ளே போகும். அதில் விளக்கும் லென்சும் இருக்கும். அதன் வழியே தெரியும் காட்சி கேமரா மூலம் திரையில் விழும். மற்றொரு துளை வழியாகச் சிறிய கத்தரி, இடுக்கி போன்ற கருவிகள் உள்ளே செல்லும். மூட்டுக்குள் உப்பு நீரைச் செலுத்தி, பலூன் போல விரியவைத்து இடம் உண்டாக்கிக்கொள்வார்கள். அந்த நீரே உள்ளே இருக்கும் கசடுகளையும் கழுவிக்கொண்டு வரும்.

கத்தி முந்திக்கொண்டது

வரலாற்றில் முதலில் வந்தது திறந்த முறைதான். ஆனால் அதற்கும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூட்டைத் திறந்தால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் கால் போகும், சில நேரம் உயிரும் போகும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மருத்துவர்கள் மூட்டுக்குள் கை வைக்கவே அஞ்சினார்கள். 1860-களில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திக் கிருமிகளைத் தடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகே அந்த அச்சம் குறையத் தொடங்கியது.

லிஸ்டர் வகித்த பேராசிரியர் பதவிக்கு எடின்பரோ நகரில் அவருக்குப் பின் வந்தவர் தாமஸ் அன்னண்டேல். 1883-ஆம் ஆண்டு நவம்பரில் முழங்கால் பாதிக்கப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி அவரிடம் வந்தார். முழங்காலில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை நிலா வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மெனிஸ்கஸ் என்பார்கள். "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஊரில் சொல்லப்படுவது பல நேரங்களில் இதைத்தான். அந்தத் தொழிலாளிக்கு ஒரு பிறைக் குருத்தெலும்பு இடம் பெயர்ந்திருந்தது. அன்னண்டேல் மூட்டைத் திறந்தார். பெயர்ந்திருந்த குருத்தெலும்பை இழுத்து, பழைய இடத்தில் வைத்துத் தைத்தார். 1885-இல் இதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்னண்டேல் அதை வெட்டி எறியவில்லை, தைத்தார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தப் பாடத்தைப் பின்பற்றவில்லை.

வெட்டி எறிந்த காலம்

லண்டனைச் சேர்ந்த ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், பிறைக் குருத்தெலும்பு என்பது காலில் ஒரு காலத்தில் இருந்த தசையின் பயனற்ற மிச்சம் என்று 1897-இல் வெளியான நூலில் கருத்துத் தெரிவித்திருந்தார். பயனற்றது என்றால் எடுத்துவிட வேண்டியதுதானே? 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் இதுவே வழக்கமானது. கால்பந்து வீரர்கள், படைவீரர்கள், சுரங்கத் தொழிலாளிகள் என்று முழங்கால் திருகி வந்தவர்களுக்கெல்லாம் மூட்டைத் திறந்து பிறைக் குருத்தெலும்பை அப்படியே எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்மைலி 1946-இல் வெளியிட்ட முழங்கால் காயங்கள் பற்றிய நூல் பல ஆண்டுகள் மருத்துவர்களின் வழிகாட்டியாக இருந்தது. கொஞ்சம் எடுப்பதை விட முழுவதும் எடுப்பதே நல்லது, அந்த இடத்தில் புதிதாக ஒன்று வளர்ந்துவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

திறந்த முறைக்கும் இந்த நம்பிக்கைக்கும் தொடர்பு உண்டு. முழங்காலை முன்பக்கம் திறந்து பார்த்தால் குருத்தெலும்பின் முன்பகுதி நன்றாகத் தெரியும். பின்பகுதி எலும்புகளுக்கு நடுவில் மறைந்திருக்கும். கிழிசல் பெரும்பாலும் இருப்பதோ பின்பகுதியில்தான். கிழிந்த இடத்தை மட்டும் பார்த்து நறுக்குவது கடினம். முழுவதையும் பிடித்து இழுத்து எடுத்துவிடுவது எளிது.

எதிர்க்குரல்களும் எழுந்தன. 1936-இல் டான் கிங் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களிடம் செய்த சோதனையில், குருத்தெலும்பை எடுத்த மூட்டுகள் தேய்வதைக் கண்டார். 1948-இல் இங்கிலாந்தின் ஃபேர்பேங்க், அறுவை சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்தவர்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தார். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி குறைந்திருந்தது. எலும்பின் உருண்டை முனை தட்டையாகியிருந்தது. விளிம்பில் முகடு வளர்ந்திருந்தது. பயனற்றது என்று எடுத்தெறிந்த பொருள் உண்மையில் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இவை சாட்சி. நிற்கும்போது முழங்கால் வழியாக இறங்கும் பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும், முழங்காலை மடக்கும்போது அதைவிட அதிகமாகவும் இந்தக் குருத்தெலும்புகளே தாங்குகின்றன என்று பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

இருபது வயதில் குருத்தெலும்பை இழந்த கால்பந்து வீரர் சில மாதங்களில் மறுபடி மைதானத்தில் ஓடியிருப்பார். அதற்கான விலையை நாற்பது, ஐம்பது வயதில்தான் அவர் கொடுத்தார். உடனே தெரியும் லாபமும் பல ஆண்டுகள் கழித்துத் தெரியும் நட்டமும் ஒரே கணக்கில் எழுதப்படாததால்தான் இந்தத் தவறு இத்தனை காலம் நீடித்தது எனலாம்.

மூட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

உடலைத் திறக்காமல் உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசை பழையது. ஜெர்மனியின் பிலிப் போசினி 1806-இல் ஒரு மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் குழாயையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். 1870-களின் இறுதியில் மாக்ஸ் நிட்சே சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியை உருவாக்கினார். மூட்டுக்குள் பார்க்கும் எண்ணம் இதன் தொடர்ச்சிதான்.

1912-இல் பெர்லினில் நடந்த ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் டென்மார்க்கைச் சேர்ந்த செவரின் நார்டன்டாஃப்ட், முழங்காலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். ஆர்த்ராஸ்கோப்பி என்ற சொல்லைக் கொடுத்தவரும் அவரே. 1921-இல் ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் பிர்ஹர் நோயாளிகளின் முழங்காலுக்குள் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். ஆனால் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டு, மூட்டுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறைக்கு மாறிவிட்டார். 1931-இல் நியூயார்க்கில் மைக்கேல் பர்மன், இறந்தவர்களின் உடல்களில் பல மூட்டுகளைச் சோதித்து விரிவாக எழுதினார். மேலை நாடுகளில் இந்த முயற்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்து நின்றுபோயின.

விடாமல் பிடித்துக்கொண்டது ஜப்பான். 1918-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பைக் கருவியைக் கொண்டு ஓர் இறந்தவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருக்கு இதில் அக்கறை வரக் காரணம் காசநோய். அப்போது ஜப்பானில் முழங்காலைத் தாக்கும் காசநோய் பலருக்கு இருந்தது. முற்றிவிட்டால் முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும். நம் ஊரில் சம்மணம் போட்டு உட்காருவது போல ஜப்பானியர்கள் தரையில் மண்டியிட்டு அமர்பவர்கள். முழங்கால் மடங்காதவர் உணவுக்கு உட்காரவும் முடியாது, விருந்தினர் முன் அமரவும் முடியாது. ஆகவே நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி தேடினார் தகாகி. அவர் 1920-இல் செய்த முதல் கருவி 7.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. முழங்காலுக்கு அது மிகப் பெரிது. 1931-இல் அதை 3.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்.

டோக்கியோவில் பிறந்த முறை

தகாகியின் மாணவர் மசாகி வாட்டனாபே. இரண்டாம் உலகப் போர் இந்த வேலையை நிறுத்தி வைத்தது. போர் முடிந்து ஜப்பானின் லென்சுத் தொழிலும் மின்கருவித் தொழிலும் தலையெடுத்தபோது, வாட்டனாபே மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். 1950-களின் இறுதியில் வந்த 21-ஆம் எண் கருவிதான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அதன் லென்சு கையால் தீட்டப்பட்டது. நுனியில் ஒரு குட்டி பல்பு எரியும். வேலை நடக்கும்போது அந்த பல்பு மூட்டுக்குள்ளேயே உடைந்துபோகும் ஆபத்தும் இருந்தது.

அதுவரை இந்தக் கருவி பார்ப்பதற்கு மட்டும்தான். அதைக் கொண்டு வேலையும் செய்யலாம் என்று காட்டியவர் வாட்டனாபே. 1955-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று ஒரு முழங்காலிலிருந்து சிறு கட்டி ஒன்றை நுண்துளை வழியே எடுத்தார். 1962-ஆம் ஆண்டு மே 4 அன்று 17 வயது கூடைப்பந்து வீரர் ஒருவருக்குக் கிழிந்திருந்த குருத்தெலும்பின் அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எடுத்தார். மீதியை விட்டுவைத்தார். ஆறு வாரங்களில் அந்தப் பையன் மறுபடி கூடைப்பந்து ஆடினான்.

இந்த ஓர் அறுவை சிகிச்சையில் இரண்டு மாற்றங்கள் அடங்கியிருந்தன. ஒன்று, வெட்டு சிறியதானது. இன்னொன்று, எடுத்த பொருளும் சிறியதானது. பலரும் முதலாவதையே பேசினார்கள். ஆனால் முழங்காலுக்கு அதிக நன்மை செய்தது இரண்டாவதுதான். குழாயின் நுனி எலும்புகளுக்கு நடுவில் நுழைந்து பின்பகுதி வரை காட்டியதால், கிழிந்தது எது, நல்லது எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 1969-இல் டோக்கியோவில் ஹிரோஷி இகேயுச்சி நுண்துளை வழியாகவே ஒரு குருத்தெலும்பைத் தைத்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றி, அன்னண்டேல் தொடங்கிய இடத்துக்கே மருத்துவம் திரும்பி வந்தது.

கடல் கடந்த கலை

1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி. அந்த ஆண்டு மேற்படிப்புக்காக அங்கே வந்திருந்த கனடா நாட்டு இளம் மருத்துவர் ராபர்ட் ஜாக்சன், வாட்டனாபேயைத் தேடிக் கண்டுபிடித்தார். வாட்டனாபே அவருக்கு ஆர்த்ராஸ்கோப்பி சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு ஜாக்சன் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஜாக்சன் இந்தக் கலையை டொராண்டோவுக்குக் கொண்டுபோனார். தொடக்கத்தில் அதை ஏற்காதவர்கள் பலர். கண் முன்னே திறந்து பார்க்க முடிகிற ஒன்றைச் சாவித் துவாரம் வழியே பார்ப்பானேன் என்று கேட்டார்கள்.

அதற்குப் பதில் தந்தது தொழில்நுட்பம். கண்ணாடி இழை வழியே வெளியிலிருந்து ஒளியைக் கொண்டுபோக முடிந்ததும், உடையும் பல்பு தேவையற்றுப்போனது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் உருவாக்கிய தண்டு வடிவ லென்சு காட்சியைத் தெளிவாக்கியது. 1970-களில் சிறிய கேமராக்கள் வந்தன. அதுவரை மருத்துவர் குனிந்து குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். அதன்பின் எல்லாரும் திரையில் பார்த்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலக ஆர்த்ராஸ்கோப்பி சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக வாட்டனாபே தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் பெனாய்ட் ஓடிக் காட்டினார். 1994-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை, முந்தைய 40 ஆண்டுகளில் விளையாட்டுலகை மாற்றிய 40 பேரின் பட்டியலை வெளியிட்டபோது அதில் ஜாக்சன் பெயரும் இருந்தது.

எது மேல்?

முழங்காலின் பிறைக் குருத்தெலும்பைப் பொறுத்தவரை தீர்ப்பு தெளிவானது. வேலை தேவைப்படும் இடத்தில் நுண்துளையே மேல். வலி குறைவு, தழும்பு சிறியது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கால் மூட்டின் தசைநாரைப் புதிதாகப் பொருத்தும் சிகிச்சையும் இன்று நுண்துளை வழியே நடக்கிறது.

தோள்பட்டைக்கு வந்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. அடிக்கடி நழுவும் தோளுக்கு லண்டனின் பேங்கார்ட் 1923-இல் ஒரு திறந்த அறுவை சிகிச்சையை விவரித்தார். பிய்ந்துபோன உதட்டுப் பகுதியை எலும்போடு மறுபடி கட்டுவதுதான் அது. இதையே துளை வழியாகச் செய்யத் தொடங்கியபோது, ஆரம்பக் கருவிகளால் தோள் மறுபடி நழுவுவது அதிகமாக இருந்தது. கருவிகள் மேம்பட்ட பிறகும் கேள்வி முழுதாகத் தீரவில்லை. கனடாவின் கால்கரி நகரில் 196 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் திறந்த முறையில் 11 சதவீதம் பேருக்கும், நுண்துளை முறையில் 23 சதவீதம் பேருக்கும் தோள் மறுபடி நழுவியிருந்தது. அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, பெரிய வெட்டுக்கும் அதற்கான இடம் இன்னும் இருக்கிறது.

இடுப்பு மூட்டு மாற்று வேறொரு கதை. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி தன் செயற்கை இடுப்பு மூட்டை முழுமையாக்கினார். உலோகப் பந்து ஒன்று பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலும். இதை ஒரு சென்டிமீட்டர் துளையில் நுழைக்க முடியாது. எனவே அது திறந்த சிகிச்சையாகவே இருக்கிறது. 2000-க்குப் பிறகு அதிலும் சிறிய வெட்டு என்ற பேச்சு வந்தது. பெல்பாஸ்ட் நகரில் 219 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 10 சென்டிமீட்டருக்குள் வெட்டு, மற்றவர்களுக்கு 16 சென்டிமீட்டர். யாருக்கு எந்த வெட்டு என்பது நோயாளிகளுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. நடப்பதிலும் மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் வித்தியாசம் இல்லை. தழும்பின் நீளத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை எடைபோடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

எளிதானதால் வந்த வினை

ஒரு பொருளின் விலை குறைந்தால் அதை வாங்குவோர் கூடுவர் என்பது பொருளியலின் முதல் பாடம். அறுவை சிகிச்சையில் விலை என்பது பணம் மட்டுமல்ல. வலி, பயம், படுக்கை, வேலைக்குப் போடும் விடுப்பு எல்லாமே விலைதான். நுண்துளை முறை இவை எல்லாவற்றையும் குறைத்தது. எனவே திறந்த சிகிச்சைக்கு ஒருபோதும் சம்மதிக்காதவர்களும் துளைக்குச் சம்மதித்தார்கள். வயதானதால் மூட்டு தேய்ந்து வலிப்பவர்களுக்கும், "உள்ளே கழுவிச் சுத்தம் செய்துவிடலாம்" என்று துளை போடப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் இத்தகைய சிகிச்சை ஆண்டுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,000 டாலர் என்று 2002-இல் மதிப்பிடப்பட்டது. பெருக்கிப் பார்த்தால் 325 கோடி டாலர்.

செய்துகொண்டவர்களில் பலர் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். அப்படியானால் சந்தேகம் எதற்கு? ஹியூஸ்டன் நகரில் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற மருத்துவருக்கும் அவருடைய குழுவுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மூட்டுத் தேய்வு உள்ள 180 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூட்டைக் கழுவிச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குக் கழுவ மட்டும் செய்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு மயக்க மருந்து கொடுத்து, தோலில் மூன்று சிறு வெட்டுகள் மட்டும் போட்டார்கள். உள்ளே எதுவும் செய்யவில்லை. மருத்துவர் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், கழுவும் சத்தம் கேட்க வேண்டும் என்று தண்ணீரைத் தெளித்தார். பொய்ச் சிகிச்சை கிடைக்க வாய்ப்பு உண்டு என்பது முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லப்பட்டிருந்தது. தனக்குக் கிடைத்தது எது என்பது மட்டும் தெரியாது.

2002 ஜூலையில் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கண்காணித்தும், உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் பொய்ச் சிகிச்சை பெற்றவர்களை விட எந்த வகையிலும் மேம்பட்டிருக்கவில்லை. எல்லாப் பிரிவினருமே வலி குறைந்ததாகச் சொன்னார்கள்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஒரே மருத்துவமனை, ஒரே அறுவை மருத்துவர், நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள் என்று குறை சொன்னார்கள். குறைகள் நியாயமானவையே. அதனால் மற்றவர்களும் சோதித்தார்கள். கனடாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது. 2013-இல் பின்லாந்தின் ஐந்து மருத்துவமனைகளில், மூட்டுத் தேய்வு இல்லாமல், வயதினால் குருத்தெலும்பு கிழிந்திருந்த 146 பேரிடம் நடத்தப்பட்ட பொய்ச் சிகிச்சை ஆய்வு வெளியானது. ஓராண்டு முடிவில் அங்கும் வித்தியாசம் இல்லை.

இது எப்படி என்று கேட்கத் தோன்றும். கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறது, அதை நறுக்கியும் ஆயிற்று. வலி அதனால்தானே வந்திருக்க வேண்டும்? இதற்கு விடை 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில் கிடைத்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ எதுவுமே இல்லை. தலைமுடி நரைப்பது போல, வயது ஏறும்போது குருத்தெலும்பும் நைந்து கிழிகிறது. ஒருவருக்கு முழங்கால் வலியும் இருக்கலாம், கிழிசலும் இருக்கலாம். இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம்மவர்கள் சொல்வது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மருத்துவர் திரையில் கிழிசலைக் கண்ணால் கண்டார். வலி குறைந்தது என்று நோயாளி சொன்னதைக் காதால் கேட்டார். இரண்டுமே நடந்தவைதான். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று காரணமா என்பது தீர விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

2004-இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டம், மூட்டுத் தேய்வு வலிக்காக மட்டும் செய்யப்படும் இத்தகைய கழுவலுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதினால் தேய்ந்த முழங்கால் உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் இந்த நுண்துளைச் சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. அப்போதும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் இது செய்யப்பட்டுக்கொண்டிருந்தது என்று அதே வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது.

இன்று நிற்கும் இடம்

இதை வைத்து நுண்துளை முறையே ஏமாற்று என்று முடிவுகட்டுவது தவறு. விளையாட்டில் முழங்கால் திருகி, கிழிந்த துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு காலை நீட்டவே முடியாமல் வரும் இளைஞருக்கு அது பெரிய வரம். அதே கிழிசலைத் தைத்து ஒட்டவைக்க முடிந்தால் அவருடைய ஐம்பதாவது வயதுக்கும் சேர்த்துச் செய்த நன்மை அது. மூட்டுக்குள் உடைந்து மிதக்கும் எலும்புத் துண்டை எடுக்கவும், கிருமி புகுந்து சீழ் கட்டிய மூட்டைக் கழுவவும் அது உதவுகிறது. மறுபக்கம், தேய்ந்து வலிக்கும் முழங்காலுக்கு முதலில் தேவைப்படுவது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடைக் குறைப்பும், தேவைக்கேற்ற வலி மருந்தும்தான். இவையெல்லாம் போதாமல் மூட்டு முற்றிலும் கெட்டுவிட்டால், அப்போது கைகொடுப்பது மூட்டு மாற்று. அது திறந்த அறுவை சிகிச்சை.

மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பெரும்பாலும் கேட்பது, "வெட்டு எவ்வளவு பெரிசு டாக்டர்? எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம்?" என்பதைத்தான். இயல்பான கேள்விகள், கேட்க வேண்டியவையும்கூட. ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" பிறைக் குருத்தெலும்பை முழுவதும் எடுத்தெறிந்த காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பல முழங்கால்கள் தப்பியிருக்கும். பல லட்சம் பேருக்குத் துளை போட்ட காலத்திலும் அதுவே கேட்கப்படாத கேள்வியாக இருந்தது. இன்று அதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.